பிரேக் தாளில் ஒரு கையெழுத்து



2024ஆம் ஆண்டு ரமலானில், மதரஸா விடுமுறையின்போது நாம் ஷார்ஜாவுக்குச் சென்றிருந்தோம். நம் இளைய சகோதரர் அங்கே, பாலைவனத்தில் ஓட்டும் பக்கி வண்டிகளை வாடகைக்கு விடும் ஓர் இடத்தில் மெக்கானிக்காகப் பணியாற்றுகிறார். (நம் ஊரில் பக்கி என்பது வசைச்சொல். தம்பியின் வேலையை உம்மா அக்கம்பக்கத்தாரிடம் சொல்லும்போது 'மணல் வண்டி' என்றுதான் சொல்வார்கள்.) இரும்புக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்த கூண்டு, அகன்ற டயர்கள், நீளமான ஸ்பிரிங்குகள், கதவு இல்லை, கண்ணாடி இல்லை. துபாயிலிருந்து ஹத்தா செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அல் பதாயிர் என்னும் செம்மணற் பகுதி இருக்கிறது. விடுமுறை நாள்களில் குடும்பங்கள் அங்கே திரளும். வாகனம் ஓட்டிப் பழகியவரும் பழகாதவரும் அரைமணிக்கு இவ்வளவு என்று பணம் கட்டி, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு மணற்குன்றுகளில் ஏறி இறங்குவார்கள்.

நாம் புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை தம்பி தொலைபேசியில் அழைத்தார். ஜும்ஆ முடிந்து நாம் சாப்பிட அமர்ந்த நேரம். "காக்கா, நாலு பேர் உட்கார்ற பழைய வண்டி ஒண்ணு இருக்கு. பிரேக்கை மிதிச்சா பஞ்சு மாதிரி இருக்கு. சூப்பர்வைசர் இன்னிக்குக் கூட்டம் அதிகம், ஓட்டிப் போகட்டும்னு சொல்றார். சரிபார்த்துட்டேன்னு தாளில் நான்தான் கையெழுத்துப் போடணும். என்ன செய்ய?" என்று கேட்டார்.

நாம் சொன்ன பதிலை இங்கே மறைக்காமல் எழுதுகிறோம். லாத்தா மகளின் திருமணத்துக்கு வாங்கிய கடனில் பாதி அப்போது நிலுவையில் இருந்தது. விசாவும் புதுப்பிக்கும் தறுவாயில் இருந்தது. "மேலதிகாரியிடம் வாதாட வேண்டாம். பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்றோம். சொல்லிவிட்டுச் சோற்றுக்குத் திரும்பினோம்.

ஒட்டகத்தைக் கட்டிவைத்து அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைப்பதா, அவிழ்த்துவிட்டு நம்பிக்கை வைப்பதா என்று ஒருவர் கேட்டதற்கு, கட்டிவிட்டு நம்பிக்கை வை என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாகத் திர்மிதியில் வரும் செய்தியை ஆண்டுதோறும் நாம் பாடமாக நடத்துகிறோம். அந்த ஆண்டும் நடத்தியிருந்தோம்.

ஷார்ஜா போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் இஃப்தாருக்குப் பிறகுதான் தம்பி வாய் திறந்தார். அன்று மாலையே அந்த வண்டியில் ஒரு தகப்பனார் தம் இரண்டு பிள்ளைகளுடன் சென்றிருக்கிறார். நீண்ட சரிவொன்றில் இறங்கும்போது பிரேக் பெடல் தளம்வரை இறங்கிவிட்டது. வண்டி நிற்காமல் உருண்டு, கீழே இருந்த கூடாரத்தின் துணிவேலிக்குள் புகுந்து, மணல்மேட்டில் மூக்கை முட்டி நின்றது. அல்ஹம்துலில்லாஹ், ஒருவருக்கும் காயமில்லை. அரைமணி கழித்துச் சென்று பார்த்தபோது பெடல் பழையபடி மேலே நின்றது. சூப்பர்வைசர் இரண்டு முறை மிதித்துப் பார்த்துவிட்டு, 'ஓட்டியவரின் தவறு' என்று எழுதினார். முன்பக்கக் குழாய் வளைந்ததற்காக அந்தத் தகப்பனாரிடம் 800 திர்ஹம் வாங்கிக்கொண்டார்கள். காலையில் பிரேக் சரியாக இருந்தது என்பதற்கு ஆதாரமாக அவரிடம் காட்டிய தாளில் இருந்தது தம்பியின் கையெழுத்து.

தம்பி இதைச் சொல்லி முடித்தபின் இருவரும் நெடுநேரம் பேசவில்லை. தராவீஹுக்கு எழுந்து போனோம்.

பெடல் ஏன் இறங்கியது, ஏன் தானாகவே திரும்பி வந்தது என்பதை மறுநாள் தம்பி பட்டறையில் விளக்கிக் காட்டினார். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 என்னும் தர ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 140க்கு இறங்கிவிடும். பழக்கமில்லாதவர் சரிவு முழுவதும் பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்குவார். டிஸ்க் சூடேறும், அந்தச் சூடு கேலிப்பருக்குள் இருக்கும் ஆயிலுக்குப் போகும், ஆயில் கொதித்து ஆவியாகும். திரவத்தை அழுத்தினால் அது விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும். ஆவியை அழுத்தினால் அது சுருங்கிப்போகும், பெடல் வெறுமனே இறங்கும். வண்டி ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிடுவதால் குற்றத்தின் தடயமே இராது.

அந்த வண்டியில் வேறு குறைகளும் இருந்தன. ரப்பர் ஹோஸ்கள் முதுமையால் இளகி, மிதிக்கும்போதெல்லாம் உப்பின. பஞ்சு போன்ற மிதிக்கு அதுவும் ஒரு காரணம். இடது முன்சக்கரக் கேலிப்பர் நகர வேண்டிய பின்னில் மணல் புகுந்து இறுகியிருந்தது. அதனால் ஒரு பக்கப் பேட் மட்டும் தேய்ந்து தகடுவரை வந்திருந்தது. பாலைவனத்தின் நுண்மணல் பேடுக்கும் டிஸ்குக்கும் இடையே உப்புத்தாள்போல் வேலை செய்கிறது. கிராமபோன் இசைத்தட்டைப்போல் டிஸ்கில் வரிவரியாகக் கோடுகள் விழுந்திருந்தன.

மணலில் பிரேக் எதற்கு என்ற எண்ணம் அங்கே பலருக்கு உண்டு. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மணல் வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். சமதள மணலில் அது உண்மைதான். குன்றின் உச்சியைத் தாண்டிச் செங்குத்தாக இறங்கும்போதும், குன்றுகளுக்கு நடுவே இறுகிக் கிடக்கும் சரளைத் தரையிலும், கூடாரங்களின் அருகே பிள்ளைகள் ஓடித்திரியும் இடத்திலும் பிரேக்கைத் தவிர வேறு துணை கிடையாது.

பெருநாள் விடுமுறைக் கூட்டத்துக்கு முன் அந்த வண்டியைச் சரிசெய்ய வேண்டும் என்று தம்பி சூப்பர்வைசரிடம் கூறினார். 60 திர்ஹம் கொடுத்து, "பேட் மட்டும் மாற்று" என்றார்கள். பழைய பேடைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, வெர்னியர் அளவுகோலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தம்பி ஷார்ஜா சனையாவுக்குப் புறப்பட்டார். நாமும் உடன் சென்றோம்.

சனையாவைப் பார்க்காதவர்களுக்குச் சொல்வதானால், அது தொழிற்பேட்டை என்ற பெயரில் ஒரு தனி ஊர். தெருத்தெருவாகப் பழைய வண்டிகளைப் பிரித்து அடுக்கிய கடைகள்; ஓரிடத்தில் கதவுகள் மட்டும், ஓரிடத்தில் கியர்பாக்ஸ்கள் மட்டும். நம் தேடல் அங்கேயும் எளிதாக இருக்கவில்லை. வண்டி சீனத் தயாரிப்பு. அந்த மாடல் இப்போது வருவதில்லை. சேஸிஸ் எண்ணைச் சொன்னால் கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். தம்பிக்கு வேறு வழி தெரிந்திருந்தது. இத்தகைய வண்டிகளில் பெயர் பலவாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பாகம் பெரும்பாலும் ஒன்றுதான். ஆகவே வண்டியின் பெயரைத் தேடாமல் கேலிப்பரின் வார்ப்பில் பொறித்திருக்கும் எண்ணையும், பேடின் பின்தகட்டு வடிவத்தையும், காதுகளின் இடைவெளியையும் ஒப்பிட வேண்டும் என்றார்.

மூன்றாவது கடையில் ஒரு பெட்டியை எடுத்து வைத்து, ஒரிஜினல் என்றார்கள். விலை 55 திர்ஹம். நம் கையிலிருந்த காசுக்கு அளவெடுத்தாற்போல் இருந்தது. தம்பி பெட்டியை வெளிச்சத்தில் திருப்பினார். எழுத்துகளின் ஓரம் கலங்கியிருந்தது. பேடின் மேற்பொருள் தகட்டின்மேல் சற்றே கோணலாக ஒட்டப்பட்டிருந்தது. ஓரத்தை நகத்தால் சுரண்டினார், பொடி உதிர்ந்தது. ஒன்றும் பேசாமல் திருப்பி வைத்தார்.

ஐந்தாவது கடையில் பெஷாவரைச் சேர்ந்த முதியவர் ஒருவர் தஸ்பீஹ் மணியை உருட்டியபடி இருந்தார். பழைய பேடைப் பார்த்ததும் எழுந்து சென்று ஒரு ஜோடியைக் கொண்டுவந்து, "அளவு பொருந்தும். ஆனால் இது ஒரிஜினல் அல்ல, தரமும் நடுத்தரம். குடும்பங்கள் போகும் வண்டி என்றால் என்னிடம் வாங்காதே" என்று உருதுவில் கூறி, இரண்டு தெரு தள்ளி வேறொரு கடைக்கு வழி சொன்னார். மதீனாவின் கடைவீதியில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரமாக இருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கேட்ட நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஈரத்தை மேலே வைத்த ஒரு வணிகரை நாம் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

அவர் சொன்ன கடையில் உலோகத்தூளை அழுத்திச் சுட்டுச் செய்த சிண்டர்டு பேட் கிடைத்தது. சூட்டையும் மணலையும் அது நன்றாகத் தாங்கும். டிஸ்கைச் சற்று வேகமாகத் தேய்க்கும் என்பது அதன் குறை. ஜோடி 160 திர்ஹம். முன்சக்கரங்கள் இரண்டுக்கும் இரண்டு ஜோடி வேண்டும். அதே கடையில் பெரிய டிஸ்கும் பெரிய கேலிப்பரும் போட்டால் பிரேக் இன்னும் பலமாகும் என்றார்கள். நமக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. தம்பி மறுத்துவிட்டார். கேலிப்பர் பெரிதானால் அதைத் தள்ள அதிக ஆயில் வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் பழையதாகவே இருந்தால் பெடல் இன்னும் கீழே இறங்கும். முன்பின் சமநிலையும் கெடும். சரிவில் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி பக்கவாட்டில் திரும்பிவிடும். மணற்சரிவில் பக்கவாட்டாக நிற்கும் வண்டி கவிழ்வதற்குத் தயாராக இருக்கும் வண்டி என்றார். எதை மாற்றக் கூடாது என்று அவர் அறிந்திருந்தது நமக்கு வியப்பாக இருந்தது. நாம் பன்னிரண்டு ஆண்டு ஓதிக்கொடுத்தும் சில மாணவர்களிடம் வராத நிதானம் அது.

வாங்க வேண்டியவற்றைத் தாளில் குறித்தார்: சிண்டர்டு பேட்கள், கம்பி பின்னிய ஹோஸ்கள், கேலிப்பர் பின்களும் அவற்றின் ரப்பர் உறைகளும், முத்திரை உடையாத புட்டியில் டாட் 4 ஆயில். அந்த ஆயிலுக்குப் புதிதில் 230, ஈரம் சேர்ந்த பின் 155 டிகிரி என்பது குறைந்தபட்ச அளவு. தொகை அறுநூறைத் தாண்டியது. தம்பி தம் பணப்பையை எடுத்தார். நாம் தடுத்தோம். வண்டி முதலாளியுடையது, வருமானமும் அவருடையது. பழுதுபார்க்கும் செலவு மட்டும் எப்படித் தொழிலாளியுடையதாகும்? கடனுக்குப் போக வேண்டிய பணத்தை இதில் போட அவருக்கு உரிமை உண்டா என்றும் கேட்டோம். ஒன்றும் வாங்காமல் திரும்பினோம்.

அன்றிரவு நாம் சொன்னது இதுதான்: "வண்டியை வெளியே விடுவதும் நிறுத்துவதும் அவர்கள் அதிகாரம். கையெழுத்து உங்களுடையது. அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம், சாட்சி தமக்கே எதிராக இருந்தாலும், பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும் அதை நீதியாகச் சொல்லும்படி கட்டளையிடுகிறது. பிரேக் சரி என்று எழுதுவதும் சாட்சிதான். அன்று நாம் தவறாகச் சொன்னோம்." தம்பி தலை குனிந்திருந்தார். "நீங்க சொல்லலைன்னாலும் அன்னிக்கு நான் போட்டிருப்பேன் காக்கா" என்றார். நம்மைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, உண்மையையே சொன்னாரா என்பது இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் அவர் சூப்பர்வைசரிடம் தாளை நீட்டி, பட்டியலில் உள்ளவை வரும்வரை இந்த வண்டிக்குக் கையெழுத்திட இயலாது என்று கூறிவிட்டார். கடுஞ்சொல் கேட்டார். இரண்டு நாள் வண்டி மூலையில் கிடந்தது. பெருநாள் நெருங்கவே மூன்றாம் நாள் பணம் வந்தது. பெருநாள் வார ஓவர்டைம் மட்டும் வேறொருவருக்குப் போயிற்று.

பாகங்களைப் பூட்டிய அன்று ஆயிலிலிருந்து காற்றை வெளியேற்றும் வேலையில் பெடல் மிதிக்கும் பொறுப்பு நமக்கு வந்தது. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்கினார். "மிதிங்க காக்கா... மிதிங்க... பிடிங்க" என்பார். நாம் மிதித்துப் பிடிப்போம். அவர் கேலிப்பரின் நிப்பிளைத் திறப்பார். குழாய்வழி குமிழிகளோடு ஆயில் வரும். நிப்பிளை மூடிய பிறகே காலை எடுக்கச் சொல்வார். முந்தி எடுத்தால் காற்று மீண்டும் உள்ளே போய்விடும். நோன்பு வைத்த நாவறட்சியோடு நான்கு சக்கரங்களுக்கும் இது நடந்தது. அஸர் பாங்கு சொல்லும்போது நம் காலின் கீழே பெடல் கல்போல் நின்றது. அஸருக்குப் பின் நடுத்தர வேகத்தில் பலமுறை ஓட்டி நிறுத்தி, புதிய பேட்களை டிஸ்கோடு பழக்கிய பிறகே தாளில் கையெழுத்திட்டார்.

அந்த 800 திர்ஹம் மீதியிருந்தது. தம்பி நடந்ததைச் சொல்லியும் நிறுவனம் அதைத் திருப்பித் தர மறுத்தது. வாடிக்கையாளரின் எண் அதே தாளில் இருந்தது. தம்பி அவரை அழைத்து உண்மையைக் கூறினார். நானூறை நாமும் நானூறைத் தம்பியும் போட்டு, ஈதுக்கு முந்தின நாள் சென்று கொடுத்தோம். அவர் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. "சின்னவன் இப்போதும் சரிவு என்றால் பயப்படுகிறான்" என்று மட்டும் சொன்னார்.

ஷவ்வாலில் மதரஸா திறந்த முதல் காலை, பிள்ளைகளை ஏற்றிவரும் நம் மதரஸா வேனின் ஓட்டுநரிடம் பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று கேட்டோம். அவர் சிரித்தார், "அதையெல்லாம் மாத்துவாங்களா ஹஜ்ரத்?" என்றார். மூடியைத் திறக்கச் சொன்னோம். ஆயில் கடுந்தேநீர் நிறத்தில் இருந்தது. அன்று மாலை பெற்றோருக்குத் தகவல் சொல்லிவிட்டு, பிள்ளைகளை வரிசையாக நடத்தியே வீடு சேர்த்தோம்.