தொட்டில் ஸ்பிரிங்கும் கோயம்புத்தூர் சில்லரும்

மணிமுத்தாறில் ரெண்டு நாளாகப் பலத்த காற்று. கரண்ட் வந்து வந்து போவதால் இந்தப் பதிவு தாமதம்.

எட்டாம் வகுப்பு வரை என்னிடம் படித்த பையன் ஒருவன் கோயம்புத்தூரில் ஏசி மெக்கானிக். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். போன மாதம் ஒருநாள் ராத்திரி போன் பண்ணினான். “டீச்சர், என் பில்லை நிறுத்தி வச்சிட்டாங்க.”

ஒரு கல்லூரியில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் இருக்கிறது. அதைக் குளிர்விக்கும் தண்ணீருக்காகப் பக்கத்து அறையில் இவன் சில்லர் மாட்டிக் கொடுத்திருக்கிறான். தண்ணீர் சரியான குளிர்ச்சியில்தான் போகிறது. ஆனால் எடுக்கும் படத்தின் ஓரமெல்லாம் ரம்பப் பல் மாதிரி வருகிறதாம். நம் தலைமுடியின் பருமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். அந்தக் கருவி சில நானோமீட்டரைப் பார்ப்பது. பக்கத்தில் ஒரு மோட்டார் லேசாக உறுமினாலே அதற்குப் பூகம்பம்தான். ‘உன் வேலை சரியில்லை’ என்று ஒன்றரை லட்சத்தை நிறுத்திவிட்டார்கள். அதில் பாதி அவன் வட்டிக்கு வாங்கிப் போட்டது.

“அடியில ரப்பர் வச்சுப் பார்த்தேன் டீச்சர். முன்னைவிட மோசமாயிருச்சு” என்றான்.

ரப்பர் வைத்தால் அதிர்வு கூடுமா? கூடும். வீட்டில் ஸ்பிரிங் போட்டுத் தொட்டில் கட்டுவோமே, அதை நினைத்துப் பாருங்கள். அது ஏறி இறங்கும் தாளத்துக்கு ஒத்து ஒற்றை விரலால் இழுத்தால் போதும், பிள்ளை துள்ளும். தாளம் பார்க்காமல் படபடவென்று தட்டினால் பிள்ளைக்குத் தெரியக்கூடத் தெரியாது. மோட்டாருக்கு அடியில் வைக்கிற ரப்பருக்கும் இப்படி ஒரு சொந்தத் தாளம் உண்டு. மோட்டாரின் தாளமும் அதுவும் ஒன்றாகிவிட்டால் வினைதான்.

கணக்குக்கு என் தங்கை மகனைப் பிடித்தேன் (எஞ்சினியர், இதைப் படித்துவிட்டுச் சிரிப்பான்). மோட்டார் நிமிஷத்துக்கு 1450 சுற்று என்றால் நொடிக்கு 24. எடை ஏற்றியதும் அரை மில்லிமீட்டர் மட்டும் அமுங்குகிற ரப்பரின் தாளம் நொடிக்கு 22. ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்று! அதுவே 25 மில்லிமீட்டர் அமுங்குகிற ஸ்பிரிங் என்றால் நொடிக்கு 3தான். அப்போது கணக்குப்படி அதிர்வில் நூற்றுக்கு ரெண்டு பங்குதான் தரைக்குப் போகும். ‘எதையாவது மெத்தென்று வை’ என்று சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. எவ்வளவு அமுங்குகிறது என்பதுதான் கேள்வி.

ஆனால் ஸ்பிரிங் வாங்குவதற்கு முன்னால் குற்றவாளி யாரென்று தெரிய வேண்டுமே. கம்ப்ரசர், ஃபேன், பம்ப் என்று மூன்று மோட்டார். ஒவ்வொன்றாக நிறுத்தி, நிறுத்தும்போதெல்லாம் ஒரு படம் எடுக்கச் சொன்னேன். கம்ப்ரசரை நிறுத்தினான், மாற்றமில்லை. ஃபேன், அதுவும் இல்லை. பம்ப்பை ஒரு நிமிஷம் நிறுத்தியதும் படம் கண்ணாடி மாதிரி வந்ததாம்.

பம்ப்புக்கு அடியில் கனமான கான்கிரீட் பாளம், அதற்கு அடியில் நாலு ஸ்பிரிங். ஞாயிற்றுக்கிழமை பூரா அந்த வேலை. பாதிதான் குறைந்தது. அப்புறம் குழாயைத் தொட்டுப் பார்த்திருக்கிறான். இரும்புக் குழாய், மைக்ரோஸ்கோப் அறையின் சுவரிலேயே கிளாம்ப் அடித்திருந்தது. தரை வழியை அடைத்தால் அதிர்வு சுவர் வழியாகப் போய்விட்டது. பம்ப்பை ஒட்டி வளைகிற ஹோஸ் துண்டு மாட்டி, கிளாம்பைக் கழற்றி, தனி ஸ்டாண்டில் குழாயைத் தாங்கவைத்த பிறகுதான் படம் நின்றது.

“இதெல்லாம் பெரிய சயின்ஸ்காரங்க பார்க்க வேண்டியது, நான் எட்டாங்கிளாஸ்” என்று அவன் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அமெரிக்காவில் ஹான்ஃபோர்டு என்ற இடத்தில் லைகோ என்று ஒரு கருவி இருக்கிறது. 4 கிலோமீட்டர் நீளக் குழாய்கள் ரெண்டு. புரோட்டானின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அசைவைக்கூடக் கண்டுபிடிக்கும். 2015 செப்டம்பர் 14-இல் ஈர்ப்பு அலையைப் பிடித்த ரெண்டு கருவிகளில் அது ஒன்று. 2017 கோடையில் அதில் புரியாத தட்டல் ஒன்று கேட்டது. தேடிப் பார்த்தால், திரவ நைட்ரஜன் குளிர்விப்பின் வெளிக்குழாயில் படிந்த பனிக்கட்டியை அண்டங்காக்கைகள் கொத்திக்கொண்டிருந்தன! அங்கேயும் குளிர்விக்கிற சாமான், குழாய் வழியே போன அதிர்வு. நம் நாட்டில் மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்திலும் லைகோ வருகிறது. 2023 ஏப்ரலில் 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்தது. அங்கேயும் ஏசியும் பம்ப்பும் மாட்ட ஆள் வேண்டும்தானே என்று கேட்டேன். சிரித்தான்.

போன வாரம் எழுபதாயிரம் வந்துவிட்டதாம். மீதிக்கு இன்னும் நடையாய் நடக்கிறான். பிள்ளைகளில் ஏசி, ஜெனரேட்டர், லிஃப்ட் வேலை பார்க்கிறவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். கோயம்புத்தூரில் நல்ல ஸ்பிரிங் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்து ஒரு ஆஸ்பத்திரி ஸ்கேன் ரூம் வேலை வந்திருக்கிறதாம் அவனுக்கு.