மூலையில் எட்டிப் பார்க்கும் கண்

கண்ணாமூச்சி ஆட்டத்தில் ஒளிந்து கொள்கிறவளுக்கு இரட்டைக் கவலை. தேடுகிறவள் கண்ணில் இவள் பட்டுவிடக் கூடாது. தேடுகிறவள் எங்கே நிற்கிறாள் என்பதும் இவளுக்குத் தெரிந்தாக வேண்டும். கதவிடுக்கு, நெற்குதிர், மாடிப்படியின் அடி என்று நாம் தேடிப் பிடித்த இடங்களெல்லாம் எப்படிப்பட்டவை? நம்மை மறைத்துக் கொண்டே நமக்கு வெளியைக் காட்டியவை. சாக்கு மூட்டைக்குள் தலையை விட்டுக் கொண்டால் மறைவு பூரணமாகத்தான் இருக்கும். ஆனால் அதில் ஆட்டம் ஏது!

இந்தச் சின்ன சூக்ஷ்மத்தை வைத்துக் கொண்டுதான் இன்றைக்குப் பெரிய பெரிய கம்பெனிகள் வீடியோ ஆட்டங்கள் தயாரிக்கின்றன. காவல்காரர்கள் உலாவுகிற கோட்டைக்குள் யார் கண்ணிலும் படாமல் நுழைந்து, வந்த காரியத்தை முடித்துக் கொண்டு, சுவடு தெரியாமல் திரும்ப வேண்டும். 'ஸ்டெல்த்' ஆட்டம் என்று பெயர். எதிரியைச் சுட்டுத் தள்ளுவது இதில் கெட்டிக்காரத்தனம் அல்ல. அகப்படாமல் இருப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

எங்கள் வீட்டில் அண்ணன் பெண்ணுக்கு இது கைவந்த வித்தை. சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்ததும் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து விடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வேன். அப்படிக் கவனித்ததில் ஒரு விஷயம் புலப்பட்டது. ஒரு ஆட்டத்தில் அவள் மூச்சைப் பிடித்துக் கொள்கிறாள்; இன்னொன்றில் கொட்டாவி விடுகிறாள்; மற்றொன்றில் "இது அநியாயம்!" என்று கையிலிருப்பதை மெத்தையில் எறிகிறாள். எல்லாவற்றிலும் கோட்டையும் காவல்காரனும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் காமிராவில் இருக்கிறது. எந்த இடத்திலிருந்து நம்மைப் பார்க்க விடுகிறார்கள் என்பதில் இருக்கிறது.

காரைக்கால்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவை நினைத்துக் கொண்டால் போதும். பிட்சாடணர் வீதி உலா வரும்போது மாடிகளிலிருந்து ஜனங்கள் மாம்பழம் இறைப்பார்கள். கீழே இருப்பவர்கள் ஏந்திப் பிடிப்பார்கள். மாடியில் நிற்கிறவளுக்கு எல்லாம் தெரியும். சுவாமி எந்த முனையில் வருகிறார், எந்தப் பக்கம் நெரிசல், யார் யாரை இடிக்கிறார்கள்... அத்தனையும் தெரியும். வீதியில் நிற்கிறவளுக்கோ முன்னால் இருப்பவரின் முதுகும், திடீரென்று தலைக்கு மேல் வருகிற பழமும்தான் தெரியும். மாடிக்காரிக்கு விவரம் ஜாஸ்தி. வீதிக்காரிக்குப் படபடப்பு ஜாஸ்தி. விழா ஒன்றே!

இந்த ரக ஆட்டங்களில் முதலில் பேர் வாங்கியவை மாடிக் கண் கொண்டவை. 1987-இல் ஜப்பானின் கொனாமி கம்பெனி வெளியிட்ட 'மெட்டல் கியர்' அப்படித்தான். அதை அமைத்தவர் ஹிதியோ கொஜிமா. மேலிருந்து பார்க்கிறோம், காவல்காரன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறான் என்பது பளிச்சென்று தெரிகிறது. அவன் பார்வையின் நேர்க்கோட்டில் படாமல் நழுவ வேண்டும், அவ்வளவுதான். 1998-இல் வந்த 'மெட்டல் கியர் சாலிட்' இன்னும் ஒரு படி தாராளம் காட்டியது. திரையின் மூலையில் ஒரு சின்னப் படம். அதில் ஒவ்வொரு காவல்காரனின் பார்வையும் விசிறி மாதிரி விரிந்து தெரியும். விசிறிக்குள் காலை வைக்காதவரை பயமில்லை. புத்திக்கு நல்ல வேலை. ஆனால் நெஞ்சு அடித்துக் கொள்வது கொஞ்சம் குறைச்சல்தான்.

அதே 1998-இல் அமெரிக்காவில் 'தீஃப்: தி டார்க் ப்ராஜெக்ட்' வெளிவந்தது. அது வீதிக் கண். திருடனின் கண்ணே நம் கண். முதுகுக்குப் பின்னால் என்ன, மூலை திரும்பினால் யார், ஒன்றும் தெரியாது. காதைத் தீட்டிக் கொண்டு காலடிச் சத்தம் கேட்க வேண்டும். கல் தரையில் நடந்தால் நம் காலடியும் கேட்கும், கம்பளத்தில் கேட்காது. நாம் எவ்வளவு இருட்டில் இருக்கிறோம் என்று சொல்ல, திரையின் அடியில் ஒரு மணி மங்கிப் பிரகாசிக்கும். கண்ணைக் குறைத்துக் காதைக் கூட்டினார்கள். அண்ணன் பெண் மூச்சைப் பிடித்துக் கொள்வது இந்த ரகத்தில்தான்.

ஆனால் இந்தக் கண் எல்லோருக்கும் ஒத்துக் கொள்வதில்லை. இப்படி ஒரு ஆட்டத்தை நான் ஆடிப் பார்த்தபோது கால் மணி நேரத்தில் மலைப்பாதை பஸ்ஸில் போன மாதிரி வயிற்றைப் பிரட்டிற்று. "அத்தை, எழுந்து போயிடாதீங்க" என்று அவள் எதையோ மாற்றினாள். திரையில் இரண்டு பக்கமும் இன்னும் கொஞ்சம் அகலமாகத் தெரிந்தது. நடக்கும்போது காட்சி ஏறி இறங்கி ஆடுவதும் நின்றது. தலைசுற்றல் பெரும்பாலும் குறைந்து விட்டது. உடம்பு நாற்காலியில் அசையாமல் இருக்கிறது, கண் மட்டும் ஓடுகிறது. இந்தச் சண்டையில்தான் தலை சுற்றுகிறதாம். உங்கள் வீட்டிலும் யாராவது இதற்குப் பயந்து ஒதுங்கியிருந்தால், இந்த இரண்டையும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவதாக ஒரு கண் உண்டு. ஆளுக்குப் பின்னால், தோளுக்குச் சற்று மேலே தொடர்ந்து வருகிற கண். 2002-இல் வந்த 'ஸ்ப்ளிண்டர் செல்' இந்த ரகம். ஆள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்பான். நாம் காமிராவை மட்டும் சுழற்றி மூலைக்கு அப்பால் பார்த்துக் கொள்ளலாம்.

"ஏண்டி, அவன் கண்ணுக்குத் தெரியாதது உனக்கு எப்படித் தெரியலாம்? இது கள்ள ஆட்டம் இல்லையா?" என்று கேட்டேன்.

"நெஜமா ஒளிஞ்சிருந்தா பின்னால யாராவது வந்தா முதுகு சொல்லும், அத்தை. டீவியிலே முதுகு ஏது? அதுக்குப் பதிலாத்தான் இந்தக் கண்" என்றாள்.

யோசித்துப் பார்த்தால் நியாயமாகவே பட்டது. நிஜத்தில் நமக்கு ஓரக்கண் இருக்கிறது. பக்கத்தில் ஆள் வந்தால் நிழல் தட்டும். வாசனை கூட வரும். திரையில் அத்தனையும் பறி போகிறது. பறித்ததை எந்த வழியிலாவது திருப்பிக் கொடுக்க வேண்டாமா? பிரான்ஸில் லியோன் நகரத்து அர்க்கேன் நிறுவனம் 2012-இல் செய்த 'டிஸ்ஹானர்ட்' ஆட்டத்தில், நாம் மறைவிலிருந்து தலையை மட்டும் சாய்த்து எட்டிப் பார்த்தால் காவல்காரன் கண்டுகொள்வதில்லை. நிஜத்தில் நடக்காத காரியந்தான். ஆனால் ஆட்டம் நியாயமாக இருக்க அந்தப் பொய் வேண்டியிருக்கிறது.

கண் ஒன்று மாறினால் ஆட்டமே மாறி விடும் என்பதற்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. 2004-இல் 'மெட்டல் கியர் சாலிட் 3: ஸ்நேக் ஈட்டர்' வந்தது. 1964-இல் நடக்கிற கதை; இடம் அடர்ந்த காடு. பார்வை விசிறியைக் காட்டிய பழைய மூலைப் படம் இதில் இல்லை. காமிரா மட்டும் பழையபடி மேலேயே நின்றது. கட்டடத்துக்குள் சரிப்பட்ட கண் காட்டில் சரிப்படவில்லை. திரைக்கு வெளியே நிற்கிற எதிரி நம்மைப் பார்த்து விடுவான். நாம் அவனைப் பார்த்திருக்கவே மாட்டோம். ஆடினவர்கள் குறைபட்டுக் கொண்டார்கள். 2005 டிசம்பரில் ஜப்பானில் 'சப்ஸிஸ்டென்ஸ்' என்று மறுபடி வெளியிட்டபோது, ஆளின் பின்னாலிருந்து இஷ்டப்படி சுழற்றிக் கொள்ளும் காமிராவைச் சேர்த்தார்கள். அதே காடு, அதே காவல், அதே கதை. கண் மட்டும் ஆடுகிறவர் கைக்கு வந்தது. அகப்பட்டால் 'அநியாயம்' என்று கத்துவதற்குப் பதிலாக, 'நான் பார்த்திருக்க வேண்டும்' என்று சொல்லும்படி ஆயிற்று.

இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் பழைய வீட்டின் தெருப்பக்க ஜன்னல் ஞாபகம் வந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பாணியில், சாய்வாகப் பலகைகள் அடித்த கதவு. உள்ளே நிற்கிறவருக்குத் தெரு தெரியும். தெருவில் போகிறவருக்கு உள்ளே நிற்பவர் தெரியாது. என் பாட்டியும் நாத்தனார்களும் அதன் பின்னால் நின்றுதான் உலகத்தைப் பார்த்தார்கள். ஒளிந்து பார்ப்பது அவர்களுக்கு விளையாட்டு அல்ல, வழக்கம். அந்தப் பலகை காட்டிய துண்டுத் தெருதான் அவர்கள் தெரு. திருப்பத்துக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதை ஆண்பிள்ளை யாராவது வந்து சொன்னால்தான் உண்டு. ஜன்னலை எந்த இடத்தில் வைப்பது என்று அவர்களை யார் கேட்டார்கள்?

அதனால்தானோ என்னவோ, கண்ணைத் தன் கையில் வைத்துக் கொண்டு இவள் மூலைக்கு மூலை எட்டிப் பார்ப்பதைக் காண எனக்கு அலுப்பதில்லை.

எந்தக் கண் உயர்த்தி என்று கேட்டால், ஒன்றைச் சொல்ல மாட்டேன். பயம் வேண்டுமானால் திருடனின் கண். யுக்தி வேண்டுமானால் மாடிக் கண். எதுவானாலும், தெரிய வேண்டிய அளவுக்குத் தெரிய வேண்டும். கூடினால் பயம் போய்விடும், குறைந்தால் நியாயம் போய்விடும். ஆனால் பின்தொடர்கிற கண்ணுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பிரான்ஸில் போர்தோ நகரத்து அஸோபோ நிறுவனம் உருவாக்கி 2019-இல் வெளிவந்த 'எ ப்ளேக் டேல்: இன்னொசென்ஸ்' ஆட்டத்தில் அதைக் கண்டேன். 1348-ஆம் வருஷம், கொள்ளை நோய்க் காலம். அமிசியா என்ற சின்னப் பெண், ஐந்து வயதுத் தம்பி ஹ்யூகோவைக் கூட்டிக் கொண்டு சிப்பாய்களுக்கும் எலிப் பட்டாளத்துக்கும் தப்பி ஓடுகிறாள். தம்பியை அதிக நேரம் தனியே விட்டால் பயந்து கூப்பிட்டு விடுவான்; காரியம் கெட்டது! காமிரா அவளுக்குள் இருந்திருந்தால் எதிரே வருகிற சிப்பாயைத்தான் பார்த்திருப்போம். பின்னால் இருப்பதால், குனிந்து நகர்கிற அக்காளும் அவள் கையைப் பிடித்த தம்பியும் சேர்ந்து தெரிகிறார்கள்.

எதற்காக ஒளிகிறாள் என்பதும் கண்ணுக்குத் தெரிந்து விட்டால், அப்புறம் கீரை ஆய்கிறவளுக்குக் கூடக் கை ஓடாது, போங்கள்!