கடலில் ஆயிரம் மீன், அக்காவிடம் நூற்றுப் பன்னிரண்டு பெயர்

எமது நாட்டின் நிலப்பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். இந்த நாட்டுக்கு உரித்தான கடற்பரப்போ ஏறத்தாழ 517,000 சதுர கிலோமீற்றர். அதாவது நிலத்தைப் போல் எட்டு மடங்கு. அந்தக் கடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீனினங்கள் பதிவாகியுள்ளன. அவற்றில் இருபதின் பெயரைச் சொல்லும்படி கொழும்பில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஐந்துடன் நின்றுவிடுவார்கள்.

நான் 1996இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வந்தவள். பாசையூர், குருநகர் மீன்களைக் கண்டு வளர்ந்த கண்ணுக்குக் காலி வீதிச் சந்தையின் மீன்தட்டு வேறொரு தேசமாக இருந்தது. அங்கே ஓரா, ஒட்டி, காரல் அருமை. மாட்டிறைச்சி போல் சிவந்த துண்டங்களாய்க் கெலவல்லாவும் கறுத்துப் பளபளத்த பலயாவும்தான் கிடந்தன. 'தோரா, நோனா, தோரா' என்று கடைக்காரர் கூவியது எங்கள் அறக்குளாவைத்தான்.

ஏன் இந்த வித்தியாசம்? கடலின் அடித்தளந்தான் காரணம். வடக்கே பாக்கு நீரிணைப் பக்கம் கடல் மிகவும் ஆழம் குறைந்தது. பல இடங்களில் பத்து, பன்னிரண்டு மீற்றர்தான். வெயில் அடிவரை இறங்குவதால் கடற்புல்லும் சாதாளையும் செழித்து வளரும். அவற்றை மேய ஓரா வரும். சேற்றைக் கிளறிக் காரலும் இறாலும் நண்டும் வாழும். கொழும்புக்கு வெளியே அப்படியில்லை. கண்டமேடை ஒடுங்கியது; சுமார் இருபது கிலோமீற்றர் தாண்டினால் ஆழ்கடல் தொடங்கிவிடும். கெலவல்லா, பலயா போன்ற சூரையினங்கள் அங்கே நிற்காமல் நீந்திக்கொண்டே இருப்பவை. அந்த ஓயாத ஓட்டத்துக்கு ஒட்சிசனைத் தேக்கிவைக்கும் தசை வேண்டும். சதை சிவந்திருப்பது அதனால்தான். ஓர் ஒடியற்கூழ்ச் சட்டிக்குள் மீன், நண்டு, இறால், கணவாய் என்று நாங்கள் நாலைந்து வகை போடுவது ஆடம்பரத்துக்காக அல்ல. ஆழம் குறைந்த கடல் ஒரே இழுப்பில் அத்தனையையும் கொடுத்தது, அவ்வளவுதான்.

இவற்றையெல்லாம் நான் புத்தகத்தில் படித்ததை விட, கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஓர் அக்காவிடம் கேட்டதுதான் அதிகம். முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர். 2009இல் கணவரையும் மூத்த மகனையும் இழந்து, செட்டிக்குளம் முகாமில் இருந்துவிட்டு, 2010இல் இளைய மகளுடன் கொழும்புக்கு வந்தார். விடியற்காலையில் முகத்துவாரம் துறைமுகத்துக்குப் போய் மீன் எடுத்து, துப்புரவாக்கி, மாடி வீடுகளுக்குக் கொடுக்கிறார். ஓராவைக் கையில் எடுத்தால் முதலில் செட்டை முட்களைத்தான் வெட்டுவார். அவற்றில் விஷம் உண்டு, குத்தினால் கை கடுக்கும். "பேத்தையைப் பிள்ளையள் தொடவும் விடாதேங்கோ" என்பார். பேத்தையின் நஞ்சு சமைத்தாலும் போகாது.

உதவி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு அக்காவுடன் நானும் போயிருந்தேன். படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் எழுதுநர் 'இல்லை' என்று எழுதினார். 'தகைமை' என்ற இடத்திலும் 'இல்லை'. அக்கா ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. சோளகம் வீசும்போது எந்தக் கரை மூடும், வாடைக்கு எந்த மீன் கரைவலைக்கு வரும், எந்தச் சூடை கருவாட்டுக்கு ஆகும், எது ஆகாது என்று சொல்லத் தெரிந்த ஒருவருக்குத் தகைமை இல்லையாம்!

அன்றிரவே மகளின் பழைய அப்பியாசக் கொப்பியில் எழுதத் தொடங்கினோம். அக்கா சொல்ல நான் எழுதினேன்: தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர், எந்தக் காலம், எந்த வலை, எப்படிச் சமைப்பது. எழுத எழுத ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் பாரை அவர்களுக்குப் பரவ். காரல், காரல்லா. ஓரா, ஓராவா. கட்டா, கட்டாவா. கும்பளா, கும்பலாவா. யார் யாரிடம் வாங்கினார்கள் என்று சண்டைபிடிக்க எனக்கு விருப்பமில்லை. நீர்கொழும்பார் சோளகத்துக்கு முல்லைத்தீவில் வாடி அடித்த காலங்களில் வலையோடு சொல்லும் இடம் மாறியிருக்கும். அந்த வாடிகளால் வந்த பிணக்குகளையும் அக்கா மறைக்கவில்லை. கும்பளாவின் விஞ்ஞானப் பெயரில் உள்ள 'கனகுர்த்தா' தெலுங்குச் சொல் என்பது வேறு வேடிக்கை.

எழுதிவைத்தவர்கள் முன்பும் இருந்திருக்கிறார்கள். பெனற் என்ற ஆங்கில உத்தியோகத்தர் இலங்கைக் கரையோர மீன்களை முப்பது வர்ணப் படங்களுடன் 1830இல் இலண்டனில் நூலாக்கினார். 1955இல் மன்றோ என்ற அவுஸ்திரேலியரின் பெரிய நூல் வந்தது. எங்கள் கொப்பி அந்த வரிசையில் சேராது. ஆனால் கறிக்கு எவ்வளவு புளி என்பது அவர்களிடம் இல்லை.

புளி என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பலயா, கெலவல்லா, கும்பளா போன்றவை ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். உண்டவருக்கு முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடி, வாந்தி வரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. ஆகவே மலிவு என்று மாலையில் வெயிற்பட்ட துண்டை வாங்காதீர்கள். காசு குறைவென்றால் காலையில் நெத்தலியோ சூடையோ வாங்குங்கள். முள்ளோடு உண்ணும் சிறுமீனில் பிள்ளைகளுக்கு வேண்டிய கல்சியமும் இருக்கிறது.

2021 மே மாதத்தில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே எரிந்தபோது, கரையெங்கும் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. இந்தப் பக்கக் கடலில் மீன்பிடி நிறுத்தப்பட்டது. பிடித்த மீனையும் சனம் வாங்கப் பயந்தது. அக்காவுக்கு வாரக்கணக்கில் வருமானம் இல்லை. வடக்கிலோ அடியைச் சுரண்டும் இழுவைமடி. 2017இல் இலங்கை அதனைச் சட்டத்தால் தடைசெய்தது. ஆயினும் எல்லை தாண்டி வரும் இந்திய இழுவைப் படகுகளின் பிரச்சினை தீரவில்லை. அடித்தளம் குலைந்தால் முதலில் போவது காரல் போன்ற சிறியவைதான். அவற்றை வாங்கி உலர்த்தி விற்றுப் பிழைப்பது பெரும்பாலும் பெண்கள்.

கொப்பியில் இப்போது 112 பெயர்கள். நந்திக்கடல் திரளிக்கும் இறாலுக்கும் அக்கா தனிப் பக்கம் ஒதுக்கச் சொன்னார். அந்தப் பக்கத்தை எழுத மூன்று நாள் எடுத்தது. இடையில் எழுந்து போய் விடுவார். மட்டக்களப்பு, மன்னார்ப் பக்கத்துப் பெயர்கள் எங்களிடம் மிகக் குறைவு. அக்கரைகளில் பிறந்த வாசகியர் உங்கள் அம்மாமாரிடம் கேட்டு எழுதி அனுப்பினால், சேர்ப்பதற்குப் பின்பக்கம் பதினாறு தாள் வெறுமையாக இருக்கிறது.