பாட்டு யார் சரக்கு?

2024 மார்ச்சில், 'என்ஜாய் எஞ்சாமி' வெளிவந்து மூன்று ஆண்டு நிறைவதை ஒட்டி இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் ஒரு காணொளி வெளியிட்டார். அந்தப் பாட்டிலிருந்து தனக்கோ, பாடகி தீக்கோ, எழுதிப் பாடிய அறிவுக்கோ அதுவரை வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்றார். யூடியூபில் மட்டும் நாற்பது கோடித் தடவைக்கு மேல் பார்க்கப்பட்ட பாட்டு அது. இது சந்தோஷ் பொதுவெளியில் சொன்னது. கணக்குப் புத்தகத்தை நாம் பார்த்ததில்லை.

அறிவு அரக்கோணத்துக்காரர். 2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரிக்கும்வரை அரக்கோணமும் ஆம்பூரும் ஒரே மாவட்டம். ஆகவே செய்தி பாலாற்றங்கரை ஊர்களில் கொஞ்சம் கூடுதலாகவே சுட்டது. சென்னையில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கும் நண்பர், "ஆம்பூர்ல ஒரு பையன் இருக்கான், ஷூ கம்பெனில அப்பர் தைக்கறான், ராத்திரி பாட்டு போடறான். போய்ப் பாருங்க" என்றார்.

போனால், அந்தப் பையன் பாடுவது கானாவும் இல்லை, ராப்பும் இல்லை. கிட்டாரை மெல்ல மீட்டி, குரலை உயர்த்தாமல், ஷிப்ட் முடிந்து நடந்து வருகிறவன் தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல் ஒரு பாட்டு. தோல் ஊரில் இந்த மெல்லிய ராக் எங்கிருந்து முளைத்தது? விடை சர்ச்சில் இருக்கிறது. ஆம்பூர் லுத்தரன் மிஷன் வேரூன்றிய ஊர். கன்கார்டியா பள்ளியும் பெதஸ்தா மருத்துவமனையும் அதன் அடையாளங்கள். கொயரில் கிட்டார் பிடித்தவர்களிடம் மூன்று கார்டு கற்றுக்கொண்டு, மீதியை யூடியூபில் பார்த்துக் கற்றதாகச் சொன்னான். அப்பா பேர்ணாம்பட்டில் டேனரி வேலை. அம்மாவும் ஷூ கம்பெனி பஸ்ஸில் போய்வந்தவர்தான்.

அவனுடைய ஒலிப்பதிவுக்கூடம் என்பது மாடியில் ஓர் அறை. ஷூவுக்குள் வைக்கிற ஃபோம் ஷீட்டின் வெட்டு மிச்சங்களைச் சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறான். ஒரு மைக், ஒரு லேப்டாப், இரண்டையும் இணைக்கும் சின்னப் பெட்டி. எதிரி ரயில். சென்னை–ஜோலார்பேட்டை பாதையில் வண்டி கடக்கும்போது பதிவை நிறுத்த வேண்டும்; ஹைவே லாரியின் ஹாரனுக்கு நேரங்காலமே கிடையாது. தாளத்துக்கு ஹெட்போனில் 'டிக் டிக்' ஓட, ஒரே கிட்டார் வரியை இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து, ஒன்றை இடக் காதுக்கும் மற்றதை வலக் காதுக்கும் போடுகிறான். இரண்டும் மயிரிழை வேறுபடும். அந்த வேறுபாட்டில்தான் பாட்டுக்கு அகலம் வருகிறது. குரல் கடைசியில். பிறகு மிக்ஸிங், மாஸ்டரிங் என்று பீட் போடும் நண்பன் இரண்டு மணி நேரம் திரையை நோக்கிக் குனிந்தான். பச்சைக் கோடுகள் ஏறி இறங்கின. அதற்கு மேல் எனக்கு ஒட்டவில்லை.

ஒட்டியது அறிவின் கதை. பையன் அதை வீட்டு ஆள் கதைபோல் சொல்கிறான். அறிவரசு கலைநேசன், பெற்றோர் அறிவொளி இயக்கத்தில் வேலை செய்தவர்கள். 'அறிவு' என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று எண்ணிக்கை போட்டுப் பேசியது. அந்த மாதிரிக் குடும்பங்களின் நிலமற்ற வரலாறுதான் 'எஞ்சாமி'க்குள் இருப்பது. 2017இல் இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் அறிவு இருந்தார். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் அவர்களின் முதல் மேடை. 2019இல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் 'தெருக்குறள்' ஆல்பம். அதில் தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டில் இறந்த ஸ்னோலின் பெயரிலேயே ஒரு பாட்டு உண்டு. சினிமாவுக்கு வெளியே ஆல்பம் போடுவது தமிழுக்குப் புதிதில்லை, மலேசியாவில் யோகி பி – நட்சத்திரா 'வல்லவ'னை 2006இலேயே கொண்டுவந்துவிட்டார்கள். புதிது என்னவென்றால், அரக்கோணத்திலிருந்து ஒரு பாட்டியின் கதை உலகம் சுற்றியது. சுற்றிய வேகத்தில் ஆள் பின்னால் விடப்பட்டதும் நடந்தது: 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. 2022 செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு ஒலித்தது. மேடையில் அவர் இல்லை.

பணத்துக்கு வருவோம். இந்தப் பக்கத்துச் சிறு டேனரிகள் பலவற்றுக்குச் சொந்தத் தோல் கிடையாது. பெரிய கம்பெனி தோலை அனுப்பும். இவர்கள் டிரம்மில் போட்டுப் பதப்படுத்தி, சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கித் திருப்பி அனுப்புவார்கள். பெயர் ஜாப் ஒர்க். விலை ஏறினால் லாபம் தோல்காரருக்கு. ஆற்றுக்குப் போன கழிவுநீருக்குப் பழி மட்டும் டேனரிக்கு. பாட்டுத் தொழிலும் இதே கணக்குதான். ஒரு பாட்டுக்குள் மூன்று உடைமை இருக்கிறது: வரி, மெட்டு, பதிவு. முதல் இரண்டையும் சட்டம் ஓரளவு காக்கிறது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது என்று வைத்தார்கள். அதை வசூலித்துத் தர 1969 முதல் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது. ஆனால் யூடியூபிலும் ஸ்பாட்டிஃபையிலும் பெரிய பணம் ஓடுவது மூன்றாவது உடைமைக்கு. அந்தப் பதிவு யார் பெயரில் ஏறியதோ, அவர் கணக்குக்குத்தான் போகும்.

'சுயாதீனம்' என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். மெட்டுப் போடுவதில் சுயாதீனம், சரி. அக்ரிமென்ட் நீட்டும்போது ஆங்கிலத்தில் முப்பது பக்கம், கையெழுத்துக்கு நாளைக் காலை கெடு, வக்கீல் வைக்கக் காசு கிடையாது. இதில் எங்கே சுயாதீனம்? பெரிய பெயர்களுக்கே கணக்கு வராதபோது ஆம்பூர் மாடி அறைக்கு என்ன வரும்? 2024 முதல் ஸ்பாட்டிஃபை, ஆண்டுக்கு ஆயிரம் தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்குக் காசே கிடையாது என்று விதி வைத்துவிட்டது. இடைத்தரகன் என்றால் வெள்ளை வேட்டி, மஞ்சள் பை என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பையனுக்கு இந்த அளவு கோபமில்லை. திகைப்புதான். "எங்க ஃபேக்டரில நூறு ஜோடி தைச்சா நூறு ஜோடிக்கு கணக்கு எழுதிடுவாங்கண்ணா. கூலி கம்மிதான், ஆனா எண்ணிக்கை தப்பாது. இதுல கோடி பேரு பாத்தும் கணக்கு வரலன்னா இன்னாண்ணா அர்த்தம்?"

அறிவு நின்றுவிடவில்லை. 2024இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்று பாட்டியின் பெயரையே தலைப்பாக்கி ஆல்பம் கொண்டுவந்தார். பையனின் போனில் அதன் பன்னிரண்டு பாட்டும் இருக்கின்றன.

அவனுடைய பாட்டுக்கு வரியும் மெட்டும் அவனுடையவை. தாளமும் கலவையும் நண்பனுடையவை. யாருக்கு எத்தனை பங்கு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாமே என்றேன்.

"அவன் என் கூடப் படிச்சவன்ணா. அவன்கிட்ட போயி எப்டிண்ணா பேப்பர நீட்றது?"

பாட்டு யூடியூபில் ஏறிவிட்டது, நண்பனின் சேனலில். கீழே குறிப்பில் இருவர் பெயரும் இருக்கின்றன.