பெரகலச் சந்தியில் கேட்ட கேள்வி

பதுளைப் பக்கம் போகும்போதெல்லாம் பெரகலச் சந்தியில் இறங்கி ஒரு பிளேன்ரீ குடிப்பது என் பழைய வழக்கம். கொழும்பிலிருந்து பலாங்கொடை வழியாக வரும் வீதி அங்கேதான் பிரிகின்றது. ஒரு கிளை அப்புத்தளைக்கு ஏறுகின்றது, மற்றையது கொஸ்லந்தைப் பக்கமாக வெல்லவாய நோக்கி இறங்குகின்றது. அண்மையில் அந்தக் கடையில் ஒருவர் எழுந்து கும்பிட்டார். "பேப்பர்ல எழுதி உதவி பண்ணீங்களே ஐயா, ஞாபகம் இல்லீங்களா?"

நினைவுக்கு வந்தது. தோட்டத் தொழிலாளி, மகளுக்குத் தலசீமியா. குருநாகல், அனுராதபுரம் ஆகியவற்றோடு பதுளை மாவட்டமும் இந்நோய் கூடுதலாகக் காணப்படும் இடம். மாதந்தோறும் இரத்தம் ஏற்றி வளர்ந்த பிள்ளை. அண்ணனின் எலும்பு மஜ்ஜை பொருந்தவே தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். நிதிக்காக நான் எழுதினேன். மஜ்ஜை ஏற்றப்பட்டதும் "சிறுமி நலம்" என்று நான்கு வரிச் செய்தியும் போட்டேன். அத்தோடு என் வேலை முடிந்ததாக நினைத்துக்கொண்டேன். போதாக்குறைக்கு அதனை "அறுவைச் சிகிச்சை" என்று வேறு எழுதியிருந்தேன். பிள்ளையைப் பொறுத்தவரை அது இரத்தம் ஏற்றுவதைப் போன்றதுதான், கத்தியே படுவதில்லை. பெரிய ஆபத்துகள் பல அதற்குப் பிறகுதான் வருகின்றன.

பழைய மஜ்ஜையைக் கடும் மருந்துகளால் அழித்த பின்னரே புதியதை ஏற்றுகிறார்கள். அதனோடு நோயெதிர்ப்புச் சக்தியும் போய்விடுகின்றது. அது திரும்பி வரப் பல மாதங்கள் செல்லும். சைட்டோமெகலோ வைரஸ் என்று ஒன்று. நம் நாடுகளில் பெரும்பாலானோருக்குச் சிறுவயதிலேயே தொற்றி, ஓசையின்றி உடம்பிலேயே தங்கிவிடுவது. காவல் இல்லாத நேரத்தில் அது விழித்து நுரையீரலையும் குடலையும் தாக்கும். முதல் நூறு நாட்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டியவை. இந்தப் பிள்ளைக்கு ஆறாவது வாரப் பரிசோதனையில் அகப்பட்டது. அதற்குரிய கான்சிக்ளோவிர் என்ற மருந்தோ புதிய மஜ்ஜையையே நலிவடையச் செய்யக்கூடியது. "ரூம் வாடகைக்குத்தான் ஐயா திண்டாடிட்டோம்" என்றார் தகப்பன். வருமுன் தடுக்கும் லெட்டர்மோவிர் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2017இல் பெரியவர்களுக்கும் 2024இல் சிறுவர்களுக்கும் அனுமதி கிடைத்தது. லயத்துக்கு அது எப்போது வரும்?

அமெரிக்காவின் ஹூஸ்டனில் டேவிட் வெட்டர் என்ற சிறுவன் பிறவியிலேயே நோயெதிர்ப்பு இன்றி, பிளாஸ்ரிக் கூடாரத்துக்குள் வளர்ந்தான். 1983இல் அக்காவின் மஜ்ஜையை ஏற்றினார்கள். முன்சோதனையில் அகப்படாத எப்ஸ்டீன்-பார் வைரஸ் அதற்குள் இருந்தது. அது புற்றுநோயாகி, 1984 பெப்ரவரியில், பன்னிரண்டு வயதில் இறந்துபோனான். கொடுப்பவர் உடம்பில் என்ன உறங்குகின்றது என்று இன்று முன்கூட்டியே பார்ப்பதற்கு இப்படியான மரணங்களும் காரணம்.

"இப்ப எட்டு மாசமாச்சு. நல்லாத்தான் இருக்கு" என்றவர் சற்றுத் தயங்கினார். "ஒண்ணு கேக்கணும் ஐயா. பக்கத்துக் காம்பிராவுல ஒரு பையனுக்கு நேத்து அம்மை போட்டிருக்கு. முந்தாநாள் பூரா ரெண்டும் ஒண்ணாத்தான் விளையாடிச்சுங்க. வேப்பிலை கட்டியிருக்கோம். போதுங்களா?"

எனக்குக் கை நடுங்கியது. சுவர் ஒன்று, கூரை ஒன்று, தண்ணீர் பிடிக்கும் பீலியும் ஒன்று என்ற லயத்தில் எதனைத் தள்ளிவைப்பது? உடனே மருத்துவ நண்பர் ஒருவரை அழைத்தேன். அவர் உரத்தே பேசினார்: கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே அம்மை தொற்றும், இந்தப் பிள்ளைக்கு அது உயிராபத்து, கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, தடுப்புக்கு மருந்து உண்டு, இன்றைக்கே போகவேண்டும். பழைய தடுப்பூசிகளின் பலனும் மஜ்ஜையோடு போயிருக்கும் என்றார். சின்னமுத்துக்கான தடுப்பூசியை இரண்டு ஆண்டுகளுக்கு முன் போடவும் முடியாதாம். அதுவரை சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொள்வதே அவளுக்குப் பாதுகாப்பு.

"வேப்பிலை இருக்கட்டும் தம்பி. பிள்ளையோடு பதுளை ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்" என்றேன். பஸ் வேண்டாம் என்று ஓட்டோ ஒன்றைப் பிடித்தோம். வீட்டுக்குப் போய் மகளை ஏற்றிக்கொண்டு அதே சந்தியால் திரும்பிப் போனார்கள். முகக்கவசத்துக்கு மேலே அந்தப் பிள்ளையின் கண்கள் மட்டும் தெரிந்தன.

அன்றே மருந்து தொடங்கிவிட்டார்களாம். நான்கு வாரம் கவனமாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். தகப்பன் ஒவ்வொரு மாலையும் தொலைபேசியில் அழைக்கின்றார். இன்று பதினான்காவது நாள், கொப்புளம் இல்லை.