பின்வரிசையில் உட்கார்ந்து பாடியவர்

சென்ற வாரம் பாரிசில் இருக்கும் பேரன் வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டு அனுப்பினான். "தாத்தா, பாடுகிறவரே பாத்தெரியும் வாசிக்கிறார், கேளுங்கள்" என்று குறிப்பு வேறு. பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்குப் பாத்தெரி என்றால் பீரங்கி வரிசைதான் முதலில் ஞாபகம் வரும். டிரம்ஸுக்கும் அதே பெயர்தான்.

பாடியவர் ராய் மில்டன். 1907இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பிறந்தவர். எர்னி ஃபீல்ட்ஸ் இசைக்குழுவில் பாடகராகச் சேர்ந்து, பிறகு டிரம்ஸும் வாசித்தார். 1930களில் லாஸ் ஏஞ்சலஸ் போய்ச் சொந்தமாகச் சின்னக் குழு வைத்தார். பின்வரிசையில் டிரம்ஸ் வாசித்தபடியே பாடுவார். 1945 டிசம்பரில் பதிவான 'ஆர்.எம். புளூஸ்' மறு வருடம் பெரிய வெற்றி. பேர் கிடைத்தபோது வயது நாற்பதை நெருங்கிவிட்டது! ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதல் பத்து இடங்களுக்குள் அவர் பாட்டுகள் மொத்தம் 19 வந்தன.

1955இல் காற்று மாறியது. அவர் பாடிக்கொடுத்த அதே ஸ்பெஷால்டி கம்பெனிக்கு லிட்டில் ரிச்சர்டு வந்தார். மில்டன் நிதானமாக வாசித்த துள்ளல் தாளத்தை இளைஞர்கள் வேகமாக, சத்தமாக வாசித்தார்கள். அதற்கு ராக் அண்ட் ரோல் என்று பெயர். மில்டனைத் தேடுவார் குறைந்துபோனார்கள்.

இந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. அலுவலகத்தில் நான் நோட் எழுதக் கற்றுக்கொடுத்த ஒருவரே எனக்கு மேல் சூப்பரின்டென்டென்ட் ஆனார். அன்றிலிருந்து அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மகள் கல்யாணப் பத்திரிகையை வீடு தேடி வந்து வைத்தார். நான் போகவில்லை.

பேரன் அதே பாட்டின் இன்னொரு பதிவும் அனுப்பியிருந்தான். 1970, மான்டரே இசைவிழா. மேடை ஜானி ஓட்டிஸுடையது. 63 வயது மில்டன் அதில் விருந்தினராகப் பாட வந்தவர். ஒரு காலத்தில் சொந்தக் குழு நடத்தியவர்! ஆனால் குரலில் மனத்தாங்கல் துளியும் இல்லை. மூன்று முறை கேட்டுப் பார்த்தேன், இல்லவே இல்லை. 1983இல் அவர் காலமானார்.

நானும் எழுபதைத் தாண்டிவிட்டேன். இனி எதற்கு வைராக்கியம்? நேற்று மாலை அந்த நண்பருக்குப் போன் செய்தேன். அவரும் ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகின்றன. என் குரலைக் கேட்டதும், பழைய வழக்கம் மாறாமல், "சொல்லுங்க சார்" என்றார்.

எனக்குத்தான் சட்டென்று பேச்சு வரவில்லை.