லுண்ட் நகரத்து வெங்காயம்

கோபன்ஹேகன் விமான நிலையத்தில் ரயில் ஏறி, ஓரேசுன் பாலத்தின் மேல் கடலைத் தாண்டினால் முக்கால் மணி நேரத்துக்குள் லுண்ட் வந்துவிடுகிறது. தெற்கு சுவீடனில் சின்ன ஊர். 1666-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், அதற்கும் பல நூற்றாண்டு மூத்த பேராலயம், கல் பாவிய தெருக்களில் சைக்கிள்கள். என் அக்கா மகள் இங்கேதான் ஆய்வு செய்கிறாள்.

"பேராலயத்துக் கடிகாரத்தைப் பார்த்தாச்சுல்ல மாமா? நாளைக்கு உங்களுக்கு வெங்காயம் காட்டறேன்" என்றாள்.

சாரமில்லாத பேச்சை 'வெங்காயம்' என்று தள்ளிவிடும் ஊர்க்காரன் நான். இவ்வளவு செலவழித்து வந்து பார்ப்பது இதைத்தானா என்று உள்ளுக்குள் நொந்துகொண்டேன்.

மறுநாள் காலை முதலில் தாவரவியல் பூங்காவுக்குத்தான் கூட்டிப்போனாள். செப்டம்பர் மாதம், இதமான குளிர். ஒரு மூலையில் இலையே இல்லாமல், மண்ணிலிருந்து நேராக வெளிர் ஊதாப் பூக்கள் எழுந்து நின்றன. சுவீடிஷ் மொழியில் 'டீட்லோசா', அதாவது காலமில்லாதது. கோடை முடிந்தபின் பூக்கிற செடி.

"இதுல இருக்கிற கால்ச்சிசின்ங்கிற நஞ்சுதான் நம்ம செங்காந்தள்லயும் இருக்கு" என்றாள். எனக்குச் சட்டென்று, செங்காந்தளைக் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடும் மூலனூர்ப் பக்கத்துத் தோட்டங்கள் நினைவுக்கு வந்தன. அந்த விதையை வாங்கிப் போவது மருந்தாகவும் பயன்படும் இந்தப் பொருளுக்காகத்தான். வெங்காயத்தின் கதையும் இதே நஞ்சில்தான் தொடங்குகிறது.

செல் பிரியும்போது குரோமோசோம்கள் இரட்டித்து நடுவில் வரிசை கட்டும். பிறகு மெல்லிய இழைகள் அவற்றை இரண்டு பக்கமும் இழுத்துப் பங்கு பிரிக்கும். கால்ச்சிசின் அந்த இழைகளை உருவாகவிடாது. வடம் அறுந்த தேர் நடுத்தெருவில் நிற்பதுபோல குரோமோசோம்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். இதை வெங்காய வேரில் விரிவாகப் பார்த்து 1938-இல் எழுதியவர் இந்த ஊர் ஆய்வாளர் ஆல்பர்ட் லெவான். வெங்காயத்தை அவர் எடுத்ததில் காரணம் உண்டு. அதன் செல்லில் குரோமோசோம்கள் பதினாறே. ஒவ்வொன்றும் பெரியது, எண்ணுவது எளிது. தண்ணீரில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் வேர் விடும். எந்த மாதமும் கடையில் கிடைக்கும்.

சுவீடனுக்கு இந்த வேர் அவசரமாகத் தேவைப்பட்ட காலம் ஒன்று வந்தது. பூஞ்சை பிடிக்காமலிருக்க விதைகளில் பாதரசச் சேர்மம் பூசினார்கள். அதைத் தின்ற பறவைகள் செத்து விழுந்தன. காகித ஆலைகளும் குளோரின் ஆலைகளும் விட்ட கழிவுநீர் வழியாகப் பாதரசம் ஏரி மீன்களுக்குள் போனது. 1966-இல் மெத்தில் பாதரச விதை நேர்த்திக்குத் தடை வந்தது. அந்த ஆண்டுகளில் சுவீடன் ஆய்வாளர்கள் வெங்காய வேரைப் பாதரசக் கரைசலில் வைத்துப் பார்த்தார்கள். மிகச் சிறிய அளவே போதுமாயிருந்தது. கால்ச்சிசின் செய்த அதே வேலையைப் பாதரசமும் செய்தது. லுண்ட் மரபியல் நிறுவனத்தின் கெய்ரிட் ஃபிஸ்கெசோ 1969-இல் இதுபற்றி எழுதினார். வெங்காயச் சோதனையைச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக்கான தர முறையாக அவர் 1985-இல் வகுத்துத் தந்தபின், அது உலகெங்கும் பரவியது.

மதியம் ஆய்வகத்துக்குப் போனோம். சோதனைக் குழாய்களின் வாயில் சின்னச் சின்ன வெங்காயங்கள் உட்கார்ந்திருந்தன. சுத்தமான தண்ணீரில் இருந்தவற்றுக்குக் கிழவர் தாடிபோல வெள்ளை வேர்கள். பக்கத்தில் தாமிர சல்பேட் கலந்த குழாய்களில் வேர்கள் அரை விரல்கூட வளரவில்லை. பழுப்பேறி, கொக்கிபோல வளைந்திருந்தன. தண்ணீரில் ஏதோ கோளாறு என்று தெரிந்துகொள்ள எனக்கு அதுவே போதும்.

"அது வெறும் நஞ்சுன்னு சொல்லுது. மரபணுவுக்கு என்ன ஆச்சுன்னு உள்ளே போய்ப் பார்க்கணும்" என்றாள்.

வேர்நுனியில் இரண்டு மில்லிமீட்டர் நறுக்கி, அமிலத்தில் இளக்கி, ஓர்சீன் சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து என்னிடம் கொடுத்தாள். மேலே மெல்லிய கண்ணாடியை மூடிக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அழுத்தினேன். படக்கென்று விரிசல். "மாவு பிசையறீங்களா மாமா?" என்று சிரித்தாள். இரண்டாவது முறை சரியாக வந்தது.

மைக்ரோஸ்கோப்பில் கருஞ்சிவப்புப் புழுக்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நின்றன. நல்ல தண்ணீரில் வளர்ந்த வேர். அடுத்த தகட்டில் தாமிர வேர். பிரிய வேண்டிய இரண்டு அணிகளுக்கும் நடுவே ஒரு குரோமோசோம் பாலம்போல இழுபட்டுக் கிடந்தது. வேறொரு செல்லில் பெரிய உட்கருவுக்குப் பக்கத்தில் குட்டி உட்கரு ஒன்று, பந்தியில் இடம் கிடைக்காத பிள்ளைபோலத் தனியே நின்றது. பங்கீட்டில் தவறிப்போன துண்டு அது. ஆயிரக்கணக்கான செல்களில் இப்படி எத்தனை என்று எண்ணி, நல்ல தண்ணீர் வேரோடு ஒப்பிட வேண்டும். அதுதான் சோதனை.

கழிவுநீரை ரசாயன ஆய்வுக்கு அனுப்பினால், கேட்ட பொருள் இருக்கிறதா என்று மட்டும் பதில் வரும். கேட்காத பொருளும் கலவையின் கூட்டு வேலையும் அந்த அறிக்கையில் இருக்காது. வேர் மொத்தத் தண்ணீரையும் குடித்துவிட்டுச் சொல்கிறது. பிரேசிலின் சாவ் பாவுலோ மாநிலத்தில் சாயக் கழிவு கலந்த நீரில் வெங்காய விதைகளை முளைக்கவைத்து, குரோமோசோம் சிதைவுகளைக் கண்டு 2008-இல் வெளியிட்டார்கள்.

"வெங்காயமும் மனுஷனும் ஒண்ணா?" என்று கேட்டேன்.

"இல்லை. வெங்காயத்துக்குக் கல்லீரல் கிடையாது. நம்ம கல்லீரலுக்குப் போன பிறகே நஞ்சாகிற பொருளை இது தவறவிடலாம். இது கெட்டால் நமக்குப் புற்றுநோய்னு அர்த்தமில்லை. மேற்கொண்டு பார்த்தே ஆகணும்னு அர்த்தம்."

மாலையில் மரபியல் நிறுவனம் இருந்த சோல்வெகாத்தன் தெருவில் நடந்தோம். மனிதச் செல்லில் 48 குரோமோசோம்கள் என்று உலகம் நம்பியிருந்தது. லெவானோடு வேலை பார்த்த, ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ட்ஜியோ, 1955 டிசம்பரில் இந்த ஊரில்தான் 46 என்று எண்ணிக் கண்டார். அந்தச் செல்களிலும் குரோமோசோம்களை நிறுத்திவைக்க உதவியது கால்ச்சிசின். காலையில் பார்த்த ஊதாப் பூ மறுபடி கண்ணில் வந்து நின்றது.

நம் மேல்நிலைப் பள்ளித் தாவரவியல் செய்முறையிலும் வெங்காய வேர்நுனி உண்டு. மைக்ரோஸ்கோப்பும் சாயமும் அங்கே இருக்கின்றன. ஆசிரியர்களே, கையுறை போட்டுக்கொண்டு, நல்ல தண்ணீர்க் கிளாஸுக்குப் பக்கத்தில் ஊர் ஓடைத் தண்ணீரில் இன்னொரு கிளாஸ் வையுங்கள். ஐந்தாம் நாள் இரண்டு வேரையும் பிள்ளைகளே அளந்து பார்க்கட்டும்.